வாரம் ஒரு கலர் பக்கம்

புதுவயல் ரைஸ்மில் கணக்கறையில்
இரண்டு பிரிண்டர்கள்.
ஒன்று பில் அடிப்பது.
விடிந்ததிலிருந்து பல்லை நறநறக்கும்.
பதினோரு வருடமாக உமித்தூசி தின்கிறது,
ஒரு நாள் படுத்ததில்லை.

மற்றது இங்க்ஜெட்.
முதலாளி மகள் தேனம்மையின்
பிளஸ் டூ புராஜெக்ட்டுக்கு வாங்கியது.
அவள் கோயம்புத்தூர் போனாள், அது இங்கே வந்தது.
எடைச்சீட்டுக் கட்டுகளுக்குப் பக்கத்தில்
துண்டு போர்த்திக் கிடக்கும்.
கலரில் அடிக்க
நெல் அவிக்கிற இடத்தில் என்ன இருக்கிறது?

கத்திரி தொடங்கி நாலாம் நாள்
வெள்ளையன் செத்தான்.
லோடு ஏற்றிவிட்டுத் தண்ணீர் கேட்டவன்
சொம்பு வருவதற்குள்
மூட்டையிலேயே சாய்ந்துவிட்டான்.

மறுநாள் மச்சினன் வந்து நின்றான்.
மாலை போட ஒரு போட்டோ வேணும் சார்.
ஆயுதபூஜைக்கு எடுத்த படத்தின் ஓரத்தில்
பாதித் தோள் வெட்டுப்பட்டு இருந்தான்.
பெரிதாக்கினேன்.
மஞ்சள் துண்டு, நீலக் கட்டம் போட்ட கைலி,
வெற்றிலை போட்ட வாய்.

ஏழு மாதம் வாய் திறக்காத மெஷின்
முனகியது, இழுத்தது,
நின்று யோசித்தது,
பிறகு தள்ளியது.

பச்சை முகம்.
ஊருணிப் பாசி மாதிரி.
சிவப்பு என்ற ஒன்று வரவேயில்லை.
வெற்றிலை வாய் மஞ்சளாகி
காமாலைக்காரன் சிரிப்பு.
ஹெட் கிளீனிங் போட்டேன்.
இன்னொரு தடவை.
இன்னொரு தடவை.
மை குறைந்ததுதான் மிச்சம்,
வெள்ளையன் இன்னும் பச்சையானான்.
வெளியே பைக் உறுமிக்கொண்டிருந்தது.
"பரவால்ல சார், அவருதான்னு தெரியுது."
ஈரம் காயாத தாளை
இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு
பின்சீட்டில் ஏறினான்.

செக்காலை அருளானந்து வந்தபோது
கருமாதி முடிந்திருந்தது.
போர்த்தண்ணி ஆகாது என்றான்.
பேட்டரிக் கடையில் வாங்கிய தண்ணீரை
டீ கிளாஸில் வெதுவெதுப்பாக்கி
ஊசி போடுகிற சிரிஞ்சில் ஏற்றினான்.
ஒரு சொட்டு. காத்திருப்பு. ஒரு சொட்டு.
"அமுக்கினா உள்ளே பிச்சுக்கும்."
டிஷ்யூவில் கறுப்பு வந்தது, நீலம் வந்தது,
மஞ்சள் வந்தது.
மில் சங்கு ஊதி அடங்கிய பிறகு
நூல் போல ஒரு ரோஸ்.
டெஸ்ட் பக்கத்தில் நாலு நிறப் படிக்கட்டு,
ஒரு படியும் உடையாமல்.
அறுநூறு வாங்கிக்கொண்டு சொன்னான்:
"வாரம் ஒரு கலர் பக்கம் அடிங்க.
சும்மா போட்டா மறுபடி அடைச்சுக்கும்.
வேற வைத்தியம் கிடையாது."

முதல் வாரம் முருகன் அடித்தேன்.
இரண்டாவது வாரம்
தேனம்மை விட்டுப்போன ஃபைலில்
வயிறு கிழித்த தவளை.
மூன்றாவது வாரம் தேடச் சோம்பலாக இருந்தது.
திரையிலேயே கிடந்தான் வெள்ளையன்.
துண்டில் மஞ்சள், கைலியில் நீலம்,
வாயில் சிவப்பு, மீசையில் கறுப்பு.
நாலு துளைக்கும் வேலை.

அன்றிலிருந்து சனிக்கிழமைதோறும்
சம்பளப் பட்டுவாடா முடிந்து
லோடுமேன்கள் பீடி பற்றவைக்கும் நேரத்தில்
கதவைச் சாத்திவிட்டு ஒரு பக்கம்.
டிராயரில் இப்போது இருபத்து மூன்று பேர்,
எல்லாம் ஒரே ஆள்.
கிழிக்கக் கை வரவில்லை.
பின்பக்கத்தில் கணக்குப் போடவும் முடியவில்லை.

நல்லதாக ஒன்றை எடுத்துக்கொண்டு
சாக்கோட்டை போனேன்.
அடைக்கி உள்ளே கூப்பிட்டுக் காட்டினாள்.
கண்ணாடி போட்ட சட்டம், சீரியல் பல்பு.
பச்சை நெற்றியில் குங்குமம்.
அந்த வீட்டில் அதுமட்டும்தான் சிவப்பு.
"பழகிருச்சுங்க.
சின்னவன் இதைத்தான் அப்பாங்கிறான்."
காப்பி கொடுத்தாள். குடித்தேன்.
கொண்டுபோனதைப் பைக்குள்ளேயே வைத்துத்
திருப்பிக் கொண்டுவந்தேன்.

நேற்று முதலாளி கேட்டார்,
"கலர் மை ஏன்யா இப்படித் தீருது?"
ஹெட் கிளீனிங்குக்குப் போயிடுதுங்க என்றேன்.

இந்த வாரப் பக்கத்தில்
துண்டின் மஞ்சளில் ஒரு கோடு விட்டிருக்கிறது.
பேட்டரிக் கடைக்காரன்
ஒன்பதரைக்குத்தான் திறப்பான்.