புள்ளிக்குப் பின்னால்

கோத்தகிரித் தேயிலை ஆலையில்
ஏசி ஓடிய ஒரே அறை என்னுடையது.
மார்கழி விடியலில் புல்லெல்லாம் வெளுத்துக் கிடக்க
சர்வருக்கு மட்டும் கோடைக்காலம்.
ஏசி நின்ற இரவுகளில் ஜன்னலைத் திறந்துவிடுவேன்.
மூடுபனி உள்ளே வந்து
பச்சை விளக்குகளை எண்ணிப் பார்த்துவிட்டுப் போகும்.

பன்னிரண்டு வருஷம்.
ஒன்றும் நடக்காத நாளுக்குத்தான் சம்பளம்.
ஒன்றும் நடக்காவிட்டால்
இவருக்கு இங்கே என்ன வேலை என்பார் மேலாளர்.
ஏதாவது நடந்துவிட்டால்
இவர் இங்கே என்னதான் வேலை பார்க்கிறார் என்பார்.

ஆடிக் காற்றில் சாய்ந்த கற்பூர மரம்
இழுத்துக்கொண்டு போன கேபிள்,
குரங்கு கடித்த கேபிள்,
இடி இறங்கிக் கருகிய ஸ்விட்ச்.
இரவு இரண்டு மணிக்குப் போன் அடிக்கும்.
கண் திறக்கும் முன்பே வாய் திறந்து
"சொல்லுங்க" என்றிருக்கும்.
ஜெர்கினை மாட்டிக்கொண்டு போனால்
ஆலை கேட்டை மறித்துக் காட்டெருமை.
அது நகரும்வரை நிற்க வேண்டும்.
நாங்கள் இருவரும் மூச்சுவிட்டுக்கொண்டு.
உள்ளே சர்வர் மட்டும் மூச்சில்லாமல்.

எழுதத் தொடங்கியது சோம்பலில்தான்.
பழைய பதிவுகளைத் தானே அழிக்கும் பத்து வரி.
பேக்கப் தவறினால் என்னை எழுப்பும் இருபது வரி.
ஓடியது.
நேற்றுவரை உலகத்தில் இல்லாத ஒன்று
என் மேஜையில் ஓடிக்கொண்டிருந்தது.
அன்றைக்கு டீ ஆறிப்போனது
எனக்குத் தெரியாது.

முப்பத்தொன்பது வயதில் நேர்முகத் தேர்வு,
சிக்னல் கிடைக்கும் கட்டபெட்டு பஸ் நிறுத்தத்தில், போனில்.
சங்கிலியொன்றைத் தலைகீழாக்கச் சொன்னான் பையன்.
அறுந்த சங்கிலியைக் கட்டித்தான் பழக்கம் தம்பி,
தலைகீழாக்கும் அவசியம் வந்ததில்லை என்றேன்.
சிரித்தான். அப்புறம் நான்
பாதி சரியாகச் செய்தும் காட்டினேன்.
குன்னூரில் மாடியறை. ஆறு பேர்.
சம்பளத்தில் நாலாயிரம் குறைவு.
வீட்டில் இரண்டாயிரம் என்று சொன்னேன்.

அஃப்ரீனுக்கு இருபத்தைந்து. என் வரிகளைத் திருத்துகிறவள்.
"அண்ணா, இதுக்கு எக்ஸ்னு பேர் வச்சிருக்கீங்க.
பிள்ளைக்கு இப்படி வைப்பீங்களா?"
வைத்திருக்க மாட்டேன்தான்.
எடை என்று மாற்றினேன்.
கழிவு, ஈரம், நிகர எடை.
பச்சை இலைச் சீட்டு அடிக்கும் அந்த நிரல்
என் பழைய ஆலைக்கே போனது.

மூன்றாம் மாதம்
ஹட்டியிலிருந்து பஸ் ஏறி வந்தார் லிங்கி,
ரப்பர் பேண்ட் போட்ட நாற்பத்தொரு சீட்டுகளோடு.
பின்பக்கத்தில் பென்சில் கணக்கு.
"கிலோ எல்லாம் சரியா வருது.
புள்ளிக்குப் பின்னால இருக்கிற என் கிராம்
எங்க போகுது?"

நிகர எடையை முழு எண் என்று எழுதியிருந்தேன்.
முப்பத்தொன்று புள்ளி ஆறு
முப்பத்தொன்றாகவே இறங்கியது.
மொத்தம் இருபது கிலோ நானூறு.
அதுவும் இவர் ஒருவருக்கு.

முன்பெல்லாம் தப்பு வெளியிலிருந்து வரும்,
மழை, குரங்கு, மின்வாரியம்.
யாரையாவது திட்டலாம்.
இந்த வரியின் ஓரத்தில்
தேதியும் நேரமும் போட்டு என் பெயர் இருக்கிறது.

திருத்தியது ஒரே ஒரு சொல்.
விட்டுப்போன கிராம்களை
ஒவ்வொரு கணக்கிலும் தேடிச் சேர்க்கத்தான்
இரவு இரண்டாகிவிட்டது.
ஆலை சர்வரை நிறுத்தி ஓட்ட வேண்டும்.
போன் போட்டேன்.

"சொல்லுங்க."

என் இடத்துக்கு வந்த ஜெபஸ்டின்.
தூக்கம் கலையாத அதே சொல்.
மன்னிப்புக் கேட்க வாயெடுத்து
வேலையைச் சொன்னேன்.
கதவுச் சத்தம். காற்று. செருப்பு.
பிறகு எதுவுமில்லை.
"கேட்டுல நிக்குதா?"
"நிக்குது சார்."
"போகட்டும். ஆறு மணிக்குத்தான் எடை போடுவாங்க."

அவன் போனை வைக்கவில்லை. நானும்.
அந்தப் பக்கம் யாரோ செருமினார்கள்.
அவனா, அதுவா,
தெரியவில்லை.