சுவருக்குள் ஓடும் தண்ணி

ஸ்காபரோவில் என் நிலக்கீழ் அறைக்கு
யன்னல் ஒன்று, பாதி பனி.
தலைமாட்டுச் சுவருக்குள்
மேல்வீட்டுக் கக்கூஸ் குழாய்.

ஒரு மணி. இரண்டேகால்.
மூன்றுக்கு முன்னம் இன்னொருக்கால்.
மார்கழியில் ஒன்று, மாசியில் ஐந்து.

வாடகை கொடுக்கப் போனேன்.
குலவீரசிங்கத்தார் பெல்ட்டில்
புதிதாய்க் குத்திய ஓட்டை.
மேசை நிறையத் தோடம்பழ யூஸ், வெறும் பெட்டிகள்.
"குளிர் தம்பி, குளிருக்குச் சலம் கூடப் போகும்.
இரவிலை தண்ணியை நிப்பாட்டிப் போட்டன்."

நிப்பாட்டியும் குழாய் நிற்கேல்லை அண்ணை,
நான்தானே கேட்கிறன்.

சொல்ல வெட்கம். சொன்னேன்.
எரிவு? இல்லை.
தாகம்? சிரித்தார்.

கிளினிக்கில் விரல்நுனியில் ஒரு துளி.
தாதி மீட்டரை இரண்டு தரம் பார்த்தாள்.

இப்போது இரவுக்கு ஒன்று.
அதைக் கேட்காமல்
எனக்கு நித்திரை வராது.