மீதி நேரம்

இருபது நிமிடத்தில் தாளை மடித்துவிட்டு
துர்கேஸ்வரி ஜன்னலைப் பார்க்கிறாள்.
பகாவ் சாலையில் செம்பனை லோரி திரும்புகிறது.
"பத்துக் குலையை மட்டும் நிறுத்தால்
லோரி எடை எவ்வளவு பிசகும், சார்?"

மற்ற இருபத்திரண்டு பேரும்
இன்னும் மூன்றாம் கேள்வியில்.

மாவட்ட அலுவலகப் பாரத்தில்
பின்தங்கியவருக்குக் கட்டம் உண்டு.
முந்திப் போனவளுக்கு இல்லை.
'இதர' என்ற இடத்தில் எழுதி அனுப்பினேன்.
திரும்பி வந்தது:
கறுப்பு மையில் நிரப்புக.

சம்பளத்தன்று நாற்பது ரிங்கிட்டுக்கு
நான்காம் படிவக் கணக்குப் புத்தகம்.
அவளுக்குத்தான் என்று சொல்லிக்கொண்டேன்.
இரவு மணி ஒன்று,
விளக்கை அணைக்கச் சொல்கிறாள் மனைவி.
ஏழாம் பக்கத்திலேயே நிற்கிறேன்.

நாளை அவளிடமே கேட்க வேண்டும்,
மற்றவர்கள் மூன்றாம் கேள்வியை
முடிப்பதற்குள்.