காது கொடுத்தல்

மூன்று இரவு அழுதாள் பனிங்குவாக்.
பல் முளைக்கிறது என்றார் ஈனோக்.
நானும் அதையே நம்ப விரும்பினேன்.
ஹாலிபட் ஆலையில் காலை ஆறு மணிக்கு வேலை;
பல் என்றால் விடுப்பு எடுக்க வேண்டாம்.

தோளில் நிமிர்த்திப் பிடித்தால் விசும்பல்,
படுக்க வைத்தால் அலறல்.
அழுத பிள்ளை பால் குடிக்கும்.
இவள் புட்டியை வெறியோடு கவ்வி
இரண்டே உறிஞ்சு,
சுட்டதுபோல் தட்டிவிட்டாள்.
பால் சுடவில்லை,
மணிக்கட்டில் இருமுறை விட்டுப் பார்த்தேன்.
நெற்றிதான் சுட்டது.

காதை இழுத்தாளா என்று பிறகு கேட்டார்கள்.
இழுத்தாள்.
என் கம்மலை, தன் காலுறையை,
நாயின் வாலை, எதைத்தான் இழுக்கவில்லை அவள்?

நான்காம் இரவு, மூன்று மணிக்கு
அழுகை நின்றது.
சட்டென்று,
யாரோ கதவைச் சாத்தியதுபோல்.
நாங்கள் வாயைப் பொத்திச் சிரித்தோம்.
யாருக்கும் வேண்டாத நேரத்தில் ஈனோக் காபி போட்டார்.
தொலைவில் கடற்பனி விரிசல் விடுவது கேட்டது,
அவ்வளவு அமைதி.

விடிந்தும் இருட்டு.
உம்மன்னாக்கில் ஜனவரி அப்படித்தான்.
விளக்கைப் போட்டால்
தலையணையில் உள்ளங்கை அளவு கறை,
தேநீர் நிறத்தில், ஓரம் காய்ந்து.
பதினாறு வருடம் மீன் குடலோடு நின்ற
என் மூக்கே சுளித்த வாடை.

"வலி தீரவில்லை.
செவிப்பறை கிழிந்து சீழுக்கு வழி கிடைத்திருக்கிறது"
என்றார் செவிலி இவாலு.
பெரும்பாலும் மூடிக்கொள்ளுமாம்.
சொட்டு மருந்து. தண்ணீர் படக்கூடாது.
வாரம் கழித்துக் கூட்டி வரவேண்டும்.
எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன்.

சாலிக்கும் வந்திருந்தான், ஏழு வயது.
எங்களுக்கு முதுகு காட்டிச் சன்னலோரம் நின்று
வெளியே கட்டியிருந்த நாய்களை எண்ணிக்கொண்டிருந்தான்.
இவாலு அவனையே பார்த்தார்.
பிறகு ஒரு தாளால் வாயை மறைத்துக்கொண்டு,
மெல்ல:
"சாலிக், மிட்டாய் வேண்டுமா?"

எட்டு, ஒன்பது.

"சாலிக்."

பத்து.

சொன்னதைக் காது கொடுத்துக் கேட்பதில்லை
என்று பள்ளியிலிருந்து வந்த கடிதம்
இன்னும் சமையலறை இழுப்பறையில் கிடக்கிறது.
டிவியை ஏன் இப்படிக் கத்தவிடுகிறாய் என்று
ரிமோட்டைப் பிடுங்கியிருக்கிறேன்,
ஒருமுறை அடித்தும் இருக்கிறேன்.
அவனுக்குக் காய்ச்சல் இல்லை, சீழ் இல்லை,
ஓர் இரவுகூட எங்களை எழுப்பியதில்லை.
அழாத பிள்ளை என்று
ஆலையில் பெருமை பேசியிருக்கிறேன்.

இவாலு கருவியின் முனையை மாற்றினார்.
"அடுத்து இவன்" என்றார்.

அவன் திரும்பினான்.
"பன்னிரண்டு நாய், அம்மா"
என்றான்,
அந்தச் சின்ன அறைக்குத்
தேவையில்லாத உரத்த குரலில்.