நைட்ரஜன் வண்டி வராத இரவு

அங்காரா பாலத்துக்கு அந்தப் பக்கம்
டீசல் கூழாகி வண்டி நின்றுவிட்டதாம்.
குடுவையின் அடியில் இரண்டு விரற்கடை நைட்ரஜன்
கொதித்துக் கொதித்துக் குறைகிறது.
அதற்குள் மூழ்கிக் கிடக்கிறது என் பொடி:
லித்தியம் ஃப்ளூரைடு. ஒரு மயிரிழையின் அகலத்தில்
ஆயிரம் படிகங்கள் தோளுரசி நிற்கலாம்.

நேற்று பதினொரு மணி நேரம் கோபால்ட்டின் எதிரே வைத்தேன்.
காமா நுழைந்து போன வழியெல்லாம்
ஃப்ளூரின் எழுந்துபோன இடங்கள்.
சிலவற்றில் ஓர் எலக்ட்ரான்
மேல்கோட்டைக்கூடக் கழற்றாமல் உட்கார்ந்துவிட்டது.
மற்றவை காலி.
குளிர் இருக்கும்வரை காலியிடம் நகராது.
சூடேறினால் கால் முளைக்கும்.
இத்தனை சிறிய வீட்டில் நாலெட்டு வைத்தால் வாசல்;
வெளியே போனது போனதுதான்.
நான் பார்க்காமல் ஒன்றும் போகக் கூடாது.

"ஜன்னலுக்கு வெளியே தொங்கவிடு, செசெக்மா,"
என்றான் இன்னொக்கெந்தி, "மைனஸ் நாற்பத்தொன்று."
சிரித்தேன். நைட்ரஜனுக்கு முன்னால்
இர்க்குத்ஸ்க் குளிர் ஒரு கோடை.
கம்ப்ரசர் பழுதுபார்ப்பவன், அவனுக்கென்ன தெரியும்.

பத்தரைக்கு ஒரு விரற்கடை.
பதினொன்றேகாலுக்குச் சிரிப்பு நின்று
நோட்டைப் புரட்டினேன்.
போன மார்ச்சில், என் கையெழுத்திலேயே:
காலியிடங்கள் நடக்கத் தொடங்குவது
மைனஸ் முப்பதை ஒட்டி.

கறுப்புத் தாளில் சுற்றி, கையுறைக்குள் போட்டு,
மூன்றாம் மாடி ஜன்னலின் வலைப்பையில்
அவனுடைய பெல்மேனிக்குப் பக்கத்தில் கட்டினோம்.
பிறகு வேலையே இல்லை. தேநீர்.
வெப்பமானியை மாறி மாறிப் பார்த்தோம்,
ஊரே சபிக்கும் குளிரைப் பார்த்துக்
குறையாதே, குறையாதே என்று.

நாற்பது. முப்பத்தெட்டு.
நான்கு மணிக்கு முப்பத்தாறு.
மேகம் ஏறுகிறது என்றான். நான் பேசவில்லை.
ஆறு பத்துக்கு வண்டி வந்தது.

பகலில், நீல லேசரின் கீழே,
இம்முறை என் கண்ணெதிரில் சூடேற்றினேன்.
நடந்தன.
இரண்டாய்ச் சேர்ந்தவை சிவப்பு.
மூன்றாய்ச் சேர்ந்ததில் கொஞ்சம் பச்சை.
விளிம்புக்குப் போனவற்றிடமிருந்து ஒரு தகவலும் இல்லை.

இன்னொக்கெந்தி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தான்.
"இவ்வளவுதானா? சிகரெட் நுனி இதைவிடப் பிரகாசம்."
இவ்வளவுதான்.

பதிவேட்டில் 'பாதுகாத்த முறை' என்றொரு கட்டம் உண்டு.
எழுதினேன்: ஜன்னலுக்கு வெளியே,
பெல்மேனிக்கு இடப்பக்கம்.