ஒரு நாற்காலிக்கு எவ்வளவு

எல் ஆல்ட்டோ உயரத்தில் மூச்சுகூடக் கடன்தான்.
கவிழ்த்த பீர்ப் பெட்டிமேல் உட்கார்ந்து
ஆக்லாந்துக் கடையொன்றின் நாற்காலிகளைப்
பின்னணியிலிருந்து வெட்டியெடுக்கிறாள் நய்ரா சோக்கே:
கால் இடுக்கு, கைப்பிடி வளைவு,
பிரம்புப் பின்னலின் ஒவ்வொரு கண்ணும்.
இதுவரை நானூற்றுப் பதினொன்று.

ஒன்றுக்கு அரை டாலர்.
இன்றிரவு முக்கால் என்று தட்டினாள்,
அழித்தாள்.
'மன்னிக்கவும்' என்று தொடங்கினாள்,
அதையும் அழித்தாள்.
ஜன்னலுக்கு மேலே கடைசிக் கேபிள் கார்
ஆளில்லாமல் இறங்கிப் போனது.
அங்கே இப்போது நாளை மதியம்.

ஒரு டாலர்.
அனுப்பிவிட்டாள்.

கோக்கா இலைத் தண்ணீர் கொதிக்குமுன்
பதில்: சரி.
அவ்வளவுதான். சரி.

சந்தோஷப்படத்தான் நினைத்தாள்.
பெட்டி விளிம்பு தொடையில் அழுந்த
நானூற்றுப் பதினொன்றை அரையால் பெருக்கிப் பார்த்தாள் —
இத்தனை நாளும்
யாரும் கேட்காமலே கொடுத்த தள்ளுபடி.