பதினேழுக்குப் பின் ஒன்று

ஆயிரத்து எழுநூற்று ஐம்பத்து மூன்று,
பிப்ரவரி பதினேழு, புதன்.
மைக்கூடு உறைந்திருந்தது.
அடுப்போரம் வைத்து இளக்கி
அன்றைய தேதியை எழுதினேன்.
விடிந்தபோது வியாழன்.
கிழமையில் பழுதில்லை.
தேதி மட்டும் மார்ச் ஒன்று.

சுவீடன் முழுவதும் பதினோரு நாட்கள்
இல்லையென்று ஆணை.
பாதிரியார் மேடையேறி வாசித்தார்.
பின்வரிசையில் யாரோ இருமினார்கள்.
எங்கள் ஊரின் கலகம் அவ்வளவே.

இருபத்திரண்டில் எனக்கு நாற்பது நிரம்ப வேண்டும்.
நிரம்பவில்லை.
"பாதி வழியில் நிற்கிறாய், எலோவ்" என்று
மனைவி கஞ்சி ஊற்றினாள்.
கஞ்சியில் குறைக்கவில்லை.

வழக்கு மார்ச்சிலேயே வந்தது.
ஹூடிக்ஸ்வால் வணிகர் லுண்ட்ப்ளாட்
ஆளிவிதைக்குக் கொடுத்த கடன்
நாற்பது டாலர், செம்பில்.
தவணை: புனித மத்தியாஸ் நாள்,
பிப்ரவரி இருபத்து நான்கு.
கடனாளி: பேரின் மகள் மாலின், கைம்பெண்.

"அந்த நாள் வரட்டும், தருகிறேன்" என்றாள்.
பன்னிரண்டு நடுவர்களில்
எட்டுப் பேர் சிரித்தார்கள்.
மூவர் தூங்கினார்கள்.
ஒருவர் மட்டும்
விரல்விட்டு எண்ணத் தொடங்கி
பாதியில் நிறுத்தினார்.

அவள் கையில் நாட்கோல் இருந்தது.
நாளுக்கு ஒரு வெட்டாக
ஆண்டு முழுதும் செதுக்கிய பிர்ச் மரக் கோல்.
"இந்தப் பதினொன்றையும்
எந்த இழைப்புளியால் சீவுவது?"
நீதிபதி பதில் சொல்லவில்லை.
இலையுதிர் காலத்துக்குத் தள்ளி வைத்தார்.

மே மாதம், ஞாயிறன்று,
ஞாயிற்றைப் புதன் கடந்ததாம்,
தட்டில் ஊரும் எறும்பு போல.
உப்சாலாவில் பார்த்தார்கள்.
எங்களுக்கு அன்று மழை.

புதுத் தேதி பார்த்து ஆளி விதைத்தவர்களைப்
பனி கருக்கிற்று.
மாலின் கோலைப் பார்த்து விதைத்தாள்.
பனி தப்பியது.
வண்டு தின்றது.

பீட்டர்ஸ்பர்க்கில் ஒருவர்
மின்னலை வீட்டுக்குள் அழைத்து
நூலால் அளக்கப் போனாராம்.
நெற்றியில் ஒரு சிவந்த வடு, காலணியில் ஒரு கிழிசல்.
அவர் செத்தது அவர்கள் ஊரில் ஜூலை,
எங்கள் கணக்கில் ஆகஸ்ட்.
செய்தி கொண்டுவந்த உப்புக் கப்பல்காரன்
இரண்டு தேதியையும் சொல்லிவிட்டு
எது வேண்டுமோ எடுத்துக்கொள் என்றான்.

அக்டோபரில் தீர்ப்பு.
கடன் கடன்தான்.
இல்லாத பதினோரு நாட்களுக்கு
வட்டி மட்டும் கிடையாது:
இரண்டு ஓரே.
லுண்ட்ப்ளாட் தொப்பியைத் தரையில் அடித்தார்.
மாலின் பசுவை விற்ற பணத்தைக்
கனத்த செப்புத் தகடுகளாக
மேசைமேல் அடுக்கினாள்.
ஒவ்வொன்றாக எடைபோட்டேன்.
சரியாக இருந்தது.

எல்லோரும் போன பிறகும் நின்றாள்.
அந்த இரண்டு ஓரேயை என் பக்கம் தள்ளினாள்.
"ஒரு வரி எழுத எவ்வளவு?"
என்ன வரி என்றேன்.
"போன வருஷம் இருபத்தொன்றாம் தேதி
நில்ஸ் ஏரிப் பனியில் இறங்கிப் போனான்,
வண்டியும் குதிரையுமாக.
இந்த வருஷம் அந்த நாளுக்காக
மெழுகுவர்த்தி வாங்கி வைத்திருந்தேன்.
மணியடிப்பவனிடம் கேட்டேன்.
எந்தத் தேதிக்கு அடிப்பது என்கிறான்."

பதிவேட்டைப் புரட்டிக் காட்டினேன்.
பதினேழு. அதன் கீழேயே ஒன்று.
இடையில் நகம் நுழைய இடமில்லை.
என் கையெழுத்துதான்.
நெருக்கி எழுதுவேன்; காகிதம் விலை.

அவள் குனிந்து பார்த்தாள்.
எழுதப் படிக்கத் தெரியாதவள்,
சரியாக அந்த இடத்தில்
கட்டைவிரலை வைத்தாள்.
செம்பு எண்ணிய விரல்.
பச்சையாக ஒரு கறை விழுந்தது.

மறுநாள் ரொட்டித் துண்டால் தேய்த்தேன்.
போகவில்லை.
ரொம்பவும் தேய்க்கவில்லை என்பதும் உண்டு.